சுடரும் கங்கும்

பள்ளி அறிவியல் கண்காட்சியில் சோடா உப்பும் வினிகரும் பொங்கும் எரிமலையைத் தாண்டி நாலு மேசை நடந்தால், சில ஆண்டுகளில் இன்னொரு சோதனையும் கண்ணில் படும். வீட்டில் கிடைக்கும் ஐந்தாறு பொருள்களைத் தனித்தனியே நீரில் கரைத்து, பருத்தித் துணித் துண்டுகளை ஊறவைத்துக் காயப்போட்டு, ஒவ்வொன்றையும் நெருப்பில் காட்டி, எத்தனை நொடியில் எரிந்து தீர்கிறது என்று குறித்திருப்பார்கள். சார்ட்டின் உச்சியில் பெரிய எழுத்தில் தலைப்பு: ‘எது சிறந்த தீத்தடுப்பான்?’ அதன் கீழே பட்டை வரைபடம். எந்தப் பட்டை உயரமோ அந்தப் பொருளுக்கு வெற்றி.

சோதனை அருமையானது. கேள்விதான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது. துணி எரிவதை ஒரே நிகழ்ச்சியாகவே நாம் பார்க்கிறோம். அங்கே நடப்பவை குறைந்தது மூன்று: துணி பற்றுகிறது, சுடர் பரவுகிறது, சுடர் அவிந்த பிறகும் கருகிய ஓரத்தில் கங்கு ஊர்கிறது. மூன்றுக்கும் வேதியியல் வேறு. ஒன்றை அடக்கும் உப்பு மற்றொன்றைக் கண்டுகொள்ளாமல் விடலாம், வளர்த்தும் விடலாம். ஆகவே ‘எது சிறந்தது’ என்பதற்கு முன் ‘எதைத் தடுப்பதில்’ என்று கேட்டாக வேண்டும். இந்த ஒரு திருத்தத்தைச் செய்தால் போதும், எட்டாம் வகுப்பு மாணவியின் மேசையில் கிடைக்கும் முடிவுகள் தொழில்முறை ஆய்வாளரும் மதிக்கக்கூடியவை ஆகிவிடும்.

முதலில் சுடரைப் பார்ப்போம். சுடர் என்பது எரியும் வாயு. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் பாரடே 1848-லும் 1860-லும் மெழுகுவத்தியைப் பற்றிச் சிறுவர்களுக்குத் தொடர் உரைகள் நிகழ்த்தினார். சுடரின் நடுவில் ஒரு கண்ணாடிக் குழாயை நுழைத்து, உள்ளிருந்த ஆவியை வெளியே இழுத்துக் குழாயின் மறுமுனையில் தீ வைத்துக் காட்டினார். மெழுகு ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

துணியிலும் இதே கதை. பருத்தி இழையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ். சூடு 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அதன் நீண்ட சங்கிலிகள் அறுந்து, லெவோகுளுகோசான் முதலான, ஆவியாகக்கூடிய சிறு மூலக்கூறுகள் பிறக்கின்றன. அவை துணியை விட்டு வெளியேறி, காற்றோடு கலந்து, சுடராக எரிகின்றன. அந்தச் சுடரின் வெப்பத்தில் ஒரு பகுதி திரும்பத் துணிக்கே வந்து அடுத்த பகுதியையும் உடைக்கிறது. ஆவி, சுடர், வெப்பம், மறுபடி ஆவி. இந்தச் சுழற்சியை எங்கேயாவது அறுத்துவிடுவதுதான் தீத்தடுப்பானின் வேலை.

சூடேறும் செல்லுலோஸுக்கு வேறொரு பாதையும் உண்டு. அதன் ஒரு அலகில் 6 கார்பன், 10 ஹைட்ரஜன், 5 ஆக்சிஜன் அணுக்கள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் நீருக்குரிய விகிதத்திலேயே இருப்பதைக் கவனியுங்கள். 162 கிராம் செல்லுலோஸிலிருந்து நீரை மட்டும் முழுதாகப் பிரித்தெடுக்க முடிந்தால் 90 கிராம் நீராவி போய்விடும்; 72 கிராம் கரி நிற்கும். எரியக்கூடிய ஆவி ஒரு துளியும் வராது, சுடருக்குத் தீனியே இல்லை. இராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலக் கட்டைகளை அடுக்கி, மண் பூசிக் கரிமூட்டம் போடுகிறவர்கள் காற்றைக் குறைத்து, சூட்டை மெல்ல ஏற்றி, மரத்தை இந்தப் பக்கமாகத் தள்ளப் பார்க்கிறார்கள். நல்ல தீத்தடுப்பு உப்பு இதையே ஒரு துணித் துண்டுக்குள் சில நொடிகளில் செய்துவிடுகிறது. துணி எரியாமல் தப்புவதில்லை, சுடர்விடாமல் கரியாகிறது. கருகிப்போன துணியைப் பார்த்து ‘தோற்றுவிட்டது’ என்று எழுதும் மாணவர்கள் பெரும்பாலும் வெற்றியைத்தான் தோல்வி என்று எழுதுகிறார்கள்.

இனி மேசைமேல் இருக்கும் பாட்டில்கள்.

வினிகரை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அது நீரில் கரைந்த அசிட்டிக் அமிலம். துணி காயும்போது நீரோடு அதுவும் பறந்துபோகும். காய்ந்தது வெறும் துணிதான். அப்படியும் வினிகர்த் துணி மெதுவாக எரிந்ததாகப் பதிவு வந்தால் துணி சரியாகக் காயவில்லை என்று பொருள். அந்த வகையில் வினிகர் ஒரு நல்ல உளவாளி.

சாப்பாட்டு உப்பு சுடரை அழகான மஞ்சளாக்கும். அதற்கு மேல் பெரிதாக எதுவும் செய்யாது. ஏராளமாக ஏற்றினால் கொஞ்சம் தாமதிக்கும். ஆனால் உப்பில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது எல்லா வீட்டிலும் தெரிந்த சங்கதி. உப்பேறிய துணியும் அதேபோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சென்னையில் ஐப்பசியில் செய்த சோதனையில் உப்பு பரிசு வாங்கி, சித்திரையில் செய்ததில் கடைசி இடத்துக்குப் போனால் வியப்படைய ஒன்றுமில்லை.

சோடா உப்பின் புகழ் தீயணைப்பானிலிருந்து வந்தது. சில வகை உலர்தூள் தீயணைப்பான்களில் அதுதான் இருக்கிறது, சூடு பட்டால் கார்பன் டைஆக்சைடையும் நீராவியையும் விடுகிறது என்பதும் சரி. ஆனால் எரியும் சுடர்மீது அள்ளி வீசும் தூள் செய்கிற வேலையை, இழைக்குள் காய்ந்து ஒட்டியிருக்கும் சில கிராம் செய்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. வாயு போன பிறகு துணியில் மிஞ்சுவது சோடியம் கார்பனேட் என்ற காரம். அந்தக் காரம் என்ன செய்யும் என்பதற்குக் கங்கைப் பற்றிப் பேசும்போது வருவோம்.

படிகாரம் மூத்தது. முகம் மழிக்கும் கடையிலும், கலங்கிய நீரைத் தெளியவைக்கும் பானையிலும் இருக்கும் அதே கல். ரோமானியத் தளபதி சுல்லா கி.மு. முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்தை முற்றுகையிட்டபோது, எதிரணித் தளபதி ஆர்க்கெலாவுஸ் எழுப்பியிருந்த மரக்கோபுரம் எவ்வளவு முயன்றும் பற்றவில்லை, அதில் படிகாரம் பூசியிருந்தார்கள் என்று ஆலஸ் ஜெல்லியஸ் பதிவு செய்திருக்கிறார். 1735-ல் இங்கிலாந்தில் ஒபதையா வைல்ட் பெற்ற காப்புரிமையிலும் படிகாரம், வெங்காரம், அன்னபேதி மூன்றும் இடம்பெற்றன.

படிகாரம் ஏன் உதவுகிறது என்று கேட்டால் சார்ட்டில் எழுதப்படும் பதில் ‘படிகநீர்’. படிகாரத்தின் எடையில் சுமார் 45 சதவீதம் நீர்தான். சூடானால் அது ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சும். சரிதான், ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் துணியில் 10 கிராம் படிகாரம் ஏறியிருந்தால் அதிலுள்ள நீர் நாலரை கிராம். அதை ஆவியாக்கச் சுமார் 10 கிலோஜூல் போதும். 100 கிராம் பருத்தி முழுதும் எரிந்தால் வெளிவரும் வெப்பம் 1,600 கிலோஜூலுக்கும் மேல். துணி சூடேறுவதை அந்த நீர் சற்றுத் தாமதிக்கலாம், ஆவி காற்றை நீர்க்கச் செய்யலாம். கதை முழுதும் அதுதான் என்று நம்புவது கடினம். இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் எப்சம் உப்பில் நீரின் பங்கு 51 சதவீதம். நீர்தான் காரணம் என்றால், ஒரே எடை ஏற்றிய துணிகளில் எப்சம் உப்புத் துணி படிகாரத் துணியை முந்த வேண்டும். முந்துகிறதா என்று பார்ப்பது ஒரு மாணவியின் சொந்தக் கண்டுபிடிப்பாகவே இருக்கும். படிகாரத்தின் இன்னொரு ஆயுதம் அமிலம்: சூட்டில் அது உடையும்போது பிறக்கும் அமிலத்தன்மை செல்லுலோஸிலிருந்து நீரைப் பிடுங்கி, கரிப் பாதைக்குத் திருப்புகிறது. அதே குணம்தான் அதன் குறையும். படிகாரம் சேர்த்துச் செய்த பழைய காகிதங்கள் நாளடைவில் பழுப்பேறி நொறுங்குவதற்கு அந்த அமிலம் ஒரு முக்கியக் காரணம். துணிக்கும் அது நல்லதல்ல.

வெங்காரம் பொற்கொல்லர் பட்டறையில் பற்றவைக்கும்போது தூவுவது. உருகிக் கண்ணாடிபோல் பரவி, உலோகத்தின் மேற்பரப்பைக் காற்றிலிருந்து காக்கும். துணியிலும் ஏறக்குறைய அதே வேலை: நுரைத்து உருகி, இழையைக் கண்ணாடிப் படலமாக மூடுகிறது. அதன் உறவினர் போரிக் அமிலம் கேரம் பலகையில் தூவும் பவுடராக நமக்கு அறிமுகம். இவை இரண்டும் வயிற்றுக்குள் போகக்கூடாதவை. சின்னக் குழந்தைகள் கையில் படாமல் வைக்க வேண்டும், கையுறை போட்டுக் கையாள வேண்டும்.

கடைசியாக ஒன்று; சமையலறையில் இருக்காது, விவசாயி வீட்டுத் திண்ணையில் மூட்டையாக இருக்கும். டிஏபி. டைஅம்மோனியம் பாஸ்பேட் என்ற அந்த உரத்தில் படிகநீரே இல்லை. ஆனாலும் இந்த வரிசையில் சுடரை அடக்குவதில் அதை மிஞ்ச ஆள் இல்லை. சூடானதும் அம்மோனியா கழன்றுபோக, பாஸ்பாரிக் அமிலம் எஞ்சும். அந்த அமிலம் செல்லுலோஸைக் குறைந்த சூட்டிலேயே நீராகவும் கரியாகவும் பிரித்துவிடும். கலிபோர்னியாவில் காட்டுத்தீ பரவும் திசையில் விமானத்திலிருந்து சிவப்பாகக் கொட்டுகிறார்களே, அந்தக் கரைசலில் இருப்பதும் அம்மோனியம் பாஸ்பேட் வகைதான்; சிவப்பு, எங்கே கொட்டியாயிற்று என்று விமானிக்குத் தெரிவதற்காகச் சேர்த்த சாயம். உரம் என்றதும் எந்த மூட்டையையும் பிரித்துவிடக் கூடாது. நைட்ரேட் என்ற பெயர் வருகிற எதுவும் இந்தச் சோதனைக்கு ஆகாது. வெடியுப்பு அந்தக் குடும்பம். அது தீக்கு ஆக்சிஜன் ஊட்டுகிறது.

இந்தப் பொருள்களை ஒப்பிடும் வேலையை 1821-லேயே ஜோசப் லூயி கே-லுசாக் செய்துவிட்டார். பிரெஞ்சு மன்னர் பதினெட்டாம் லூயி நாடகக் கொட்டகைத் துணிகளுக்குத் தீப்பாதுகாப்பு தேடும்படி கேட்க, அவர் உப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்து இரண்டு வகையாகப் பிரித்தார்: சீக்கிரம் உருகிக் கண்ணாடிபோல் மூடுபவை, உடைந்து எரியாத வாயுக்களை விடுபவை. அம்மோனியம் உப்புகளும், அவற்றோடு வெங்காரம் சேர்ந்த கலவைகளும் அவருடைய தேர்வு. இன்றைய புத்தகங்கள் இதற்கு மேல் நிறையச் சொல்கின்றன, ஆனால் அந்தப் பிரிவைக் கைவிடவில்லை.

பள்ளிச் சோதனைக்கு எனக்குப் பிடித்த முன்னோடிகள் வேறு இருவர். 1859-ல் லண்டனில் பிரெடெரிக் வெர்ஸ்மனும் அல்ஃபோன்ஸ் ஓப்பன்ஹைமும் மஸ்லின் துணியை எடுத்து, உப்பு உப்பாகச் சோதித்தார்கள். பெண்களின் அகன்ற மஸ்லின் பாவாடைகள் மெழுகுவத்தியிலும் கணப்பிலும் பட்டு உயிர்கள் போய்க்கொண்டிருந்த காலம். ‘எது சிறந்தது’ என்று அவர்கள் கேட்கவில்லை. ‘இந்த உப்பில் குறைந்தபட்சம் எத்தனை சதவீதக் கரைசல் இருந்தால் மஸ்லின் சுடர்விடாது?’ என்று கேட்டார்கள். ஒரு கரைசலில் துணி எரிந்தால் அடுத்து அதைவிடச் செறிவானது. எரியாவிட்டால் அதைவிட நீர்த்தது. இப்படி ஒவ்வொரு உப்புக்கும் ஒரு எல்லை கிடைக்கும். அந்த எண்ணை இன்னொருவர் இன்னொரு ஊரில் சரிபார்க்கலாம். நொடிக் கணக்குப் பட்டை வரைபடத்துக்கு அந்தத் தகுதி இல்லை.

இன்னொரு கேள்வியையும் அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள்: சலவைக்காரி இந்தத் துணிக்கு இஸ்திரி போட முடியுமா? நன்றாகத் தீயைத் தடுத்த பல உப்புகள் சூடான இஸ்திரிப் பெட்டியின் அடியில் துணியைக் கெடுத்தன, அல்லது பெட்டியை இழுக்கவிடாமல் ஒட்டின. சோடியம் டங்ஸ்டேட் தேறியது. விக்டோரியா அரசியின் சலவையகத்திலேயே அது சோதிக்கப்பட்டது. உடுத்துபவர் மறுத்துவிட்டால் வேதியியல் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை என்பதற்கு பாரிஸில் துயரமான சான்று உண்டு. அங்கே ஆப்பெராவின் நடனக் கலைஞர் எம்மா லிவ்ரி, தீத்தடுப்புக் கரைசலில் தோய்த்த பாவாடை விறைப்பாகவும் மங்கலாகவும் இருக்கிறது என்று சொல்லி, பொறுப்பைத் தானே ஏற்பதாக எழுதிக்கொடுத்து மறுத்தவர். 1862 நவம்பரில் ஒத்திகையின்போது வாயு விளக்கில் பாவாடை பற்றியது. எட்டு மாதம் வேதனைப்பட்டு 1863 ஜூலையில் இறந்தார்.

குறைந்தபட்சச் செறிவு என்ற யோசனையைப் பள்ளிக்குக் கொண்டுவரும்போது ஒன்றைச் சேர்க்க வேண்டும்: துணியில் உண்மையில் ஏறிய உப்பின் எடை. ‘எல்லாவற்றிலும் ஒரு டம்ளர் நீருக்கு இரண்டு ஸ்பூன்’ என்பது நியாயமாகத் தோன்றும், நியாயமல்ல. அறைச்சூட்டில் 100 மில்லி நீரில் சாப்பாட்டு உப்பு 36 கிராம் வரை கரையும். சோடா உப்பு 10 கிராமுக்குச் சற்றுக் குறைவாக. வெங்காரமும் போரிக் அமிலமும் தனித்தனியே 5 கிராம் அளவுக்கு. ஸ்பூன் கணக்கில் போட்டால் வெங்காரத்தின் பாதி டம்ளரின் அடியிலேயே தங்கிவிடும். ஊறவைப்பதற்கு முன்னும் காய்ந்த பின்னும் துணியை நிறுத்து, ஏறிய எடையை வெறும் துணி எடையின் சதவீதமாக எழுதினால் சண்டை தீர்ந்தது. நகைக்கடைத் தராசு தேவையில்லை. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு மின்தராசு போதும்.

துணியைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது. பாலியெஸ்டர் கலந்த துணி வேண்டவே வேண்டாம். அது உருகிச் சொட்டும், தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு எரிக்கும். டிஏபியின் வித்தை செல்லுலோஸிடம்தான் இப்படிப் பலிக்கும் என்பதால் முடிவும் குழம்பும். சுத்தமான பருத்திக் காடாத்துணி நல்லது, ஆனால் புதுத் துணியில் கஞ்சி இருக்கும். இரண்டு மூன்று முறை வெந்நீரில் அலசிப் போக்க வேண்டும். துண்டுகளை எல்லாம் ஒரே பக்கமாக வெட்ட வேண்டும்: பாவு நூல் நீளவாக்கில் வருகிறதென்றால் எல்லாவற்றிலும் பாவு. ஒப்பீட்டுத் துண்டையும் வெறுமனே எடுத்துவிடக் கூடாது. அதையும் வெறும் நீரில் ஊறவைத்து, மற்றவற்றோடு ஒரே கொடியில் காயப்போட வேண்டும். ‘காய்ந்த’ பருத்தியிலும் ஏழெட்டு சதவீதம் ஈரம் உண்டு. அது காற்றின் ஈரப்பதத்தோடு ஏறி இறங்கும் என்பதால், துணிச் சோதனைக்கூடங்களில் 65 சதவீத ஈரப்பதமுள்ள அறையில் வைத்திருந்த பிறகே நெருப்பு காட்டுவார்கள். பள்ளியில் அந்த வசதி இல்லை. எல்லாத் துண்டுகளையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் சோதித்து, அன்றைய ஈரப்பதத்தைக் குறித்துவைத்தால் பாதி வசதி வந்த மாதிரி.

துண்டைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு அடியில் நெருப்பு காட்டினால் சுடர் தன் வெப்பத்தைத் தானே மேலே ஊட்டிக்கொண்டு ஏறும். கடுமையான பரீட்சை, ஆனால் அளக்க நேரம் தராது. கிடையாகக் கம்பியில் விரித்தால் சுடர் நிதானமாக ஊரும், வேகத்தை அளக்கலாம். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் சரி, மாற்றி மாற்றிச் செய்யாமல் இருந்தால் போதும். ஒவ்வொரு உப்புக்கும் ஐந்து துண்டுகளாவது வேண்டும். கடிகாரம் பிடிப்பவருக்கு எது எந்தத் துண்டு என்று தெரியாமல் இருப்பது நல்லது. நமக்குப் பிடித்த உப்புக்கு நம் கட்டைவிரல் அரை நொடி சலுகை காட்டிவிடும். பெரியவர் ஒருவர் கூடவே நிற்பது, மணல் பரப்பிய தட்டு, நீளமான இடுக்கி, பக்கத்தில் நீர் வாளி, பின்னிக் கட்டிய கூந்தல், பருத்தி உடை: இவை இல்லாமல் தீப்பெட்டியைத் தொடக் கூடாது.

ஆய்வுக்கூடங்கள் நெருப்பை இன்னும் நுணுக்கமாக அளக்க 1966-ல் ஃபெனிமோரும் மார்ட்டினும் ஒரு வழி சொன்னார்கள். ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து அனுப்பி, மெழுகுவத்திபோல் தொடர்ந்து எரிய ஒரு பொருளுக்குக் குறைந்தபட்சம் எத்தனை சதவீத ஆக்சிஜன் தேவை என்று பார்ப்பது. பருத்திக்கு 18 போதும். காற்றிலோ 21 இருக்கிறது. அதனால்தான் அது அவ்வளவு ஆவலாக எரிகிறது. கம்பளிக்கு 25 வேண்டும். சாதாரணக் காற்றில் அது எரியத் திணறுவது நெருப்பில் கம்பளியைக் காட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவும் சுடரின் கணக்கு. சுடர் அணைந்ததும் மாணவர்கள் கடிகாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். சுவாரசியமான பகுதி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கங்கில் எரிவது ஆவி அல்ல, கரி. ஆக்சிஜன் நேராகத் திடக் கரியின் மேற்பரப்பில் வந்து சேர்கிறது. சுடர் இல்லை, சத்தம் இல்லை, மெதுவாக ஊரும், ஆனால் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். காற்று வீசினால் மறுபடி சுடராகும். மெத்தையில் விழுந்த சிகரெட் வீட்டை எரிப்பது இப்படித்தான். இங்கே நம் சுடர்த் தடுப்பான்களின் குணம் தலைகீழாகிறது. கரியைக் கூடுதலாக உண்டாக்குகிறவை கங்குக்குத் தீனியையும் கூடுதலாகச் சேர்த்துத் தருகின்றன. சோடியம், பொட்டாசியம் போன்ற கார உலோகங்கள் கரி ஆக்சிஜனோடு சேர்வதை ஊக்குவிக்கின்றன. சிகரெட் தாளில் சோடியம் அல்லது பொட்டாசியம் சிட்ரேட் சேர்ப்பது அது அணையாமல் சீராகக் கனிந்துகொண்டே போவதற்காகத்தான். சோடா உப்பு துணியில் விட்டுப்போகும் கார்பனேட்டும் அதே ரகம். சுடர் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, கங்கைத் தட்டிக்கொடுக்கும். வெங்காரத்திலும் இந்தக் கோளாறு உண்டு: சுடரை நன்றாக அடக்கும், கங்கை வளர்த்துவிடக்கூடும். போரிக் அமிலம் இதற்கு நேர் எதிர். சுடர் பரவுவதை அது பெரிதாகக் கண்டிப்பதில்லை, கங்கை அமுக்கிவிடும். பழைய கைப்பக்குவங்களில் வெங்காரம் 7 பங்கு, போரிக் அமிலம் 3 பங்கு என்று சேர்த்தே சொல்லியிருப்பதன் காரணம் இதுதான். சேர்ந்தால் இரண்டும் நீரில் தனித்தனியே கரைவதைவிட அதிகமாகக் கரையும் என்பது கூடுதல் லாபம்.

டிஏபி இங்கேயும் கைவிடாது. தீக்குச்சியைப் பாருங்கள். பாதுகாப்புத் தீக்குச்சிகளுக்கான மரத்தை அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் ஊறவைப்பது நெடுநாளைய தொழில்முறை. குச்சி நன்றாகச் சுடர்விட்டு எரிய வேண்டும், ஊதியதும் கங்கில்லாமல் கறுத்து நிற்க வேண்டும் என்பதே நோக்கம். பாஸ்பேட் எப்படிக் கங்கை அடக்குகிறது என்பதற்குச் சொல்லப்படும் விளக்கம் இது: கரி முழுதாக எரிந்து கார்பன் டைஆக்சைடு ஆகும்போது கிடைக்கும் வெப்பம் மோலுக்கு 393 கிலோஜூல், பாதி வழியில் கார்பன் மோனாக்சைடாக நின்றுவிட்டால் 110 தான். பாஸ்பேட் கரியைப் பாதி வழியிலேயே நிறுத்தப் பார்க்கிறது. கால் பங்கை விடச் சற்றே கூடுதலான வெப்பத்தில் கங்கு தன்னைத்தானே சூடாக வைத்துக்கொள்ள முடிவதில்லை.

ஆகவே மாணவியின் பதிவேட்டில் ஒரு பத்தி போதாது. நெருப்பை எடுத்தபின் சுடர் எத்தனை நொடி நின்றது, சுடர் அணைந்தபின் கங்கு எத்தனை நொடி ஊர்ந்தது, கருகிய நீளம் எவ்வளவு: மூன்று பத்திகள். கங்கைப் பார்க்க இருட்டான மூலை வேண்டும். வெயிலில் அது தெரியாது. இப்படி எழுதிப் பார்த்தால் வெற்றியாளர் ஒரு பத்திக்கு ஒருவராக மாறுவதைக் காணலாம்.

தவறான கேள்வி பரிசை மட்டும் பாதிப்பதில்லை. கலிபோர்னியாவில் 1975-ல் ஒரு விதி வந்தது: இருக்கைகளுக்குள் வைக்கும் நுரைப்பஞ்சு சிறு சுடரை 12 நொடி தாங்க வேண்டும். தாங்கவைக்க நுரைக்குள் புரோமின், குளோரின் கலந்த தீத்தடுப்பான்களைக் கொட்டினார்கள். அந்த விதி ஒரு மாநிலத்துக்கு உரியது என்றாலும் சோபாக்கள் நாடெங்கும் போயின. ஆனால் வீட்டில் நெருப்பு முதலில் தொடுவது மேலுறையை. உறை பற்றிவிட்டால் நுரையைத் தாக்கும் சுடர் சோதனையில் காட்டிய சுடரைவிடப் பல மடங்கு பெரிது. சோபாத் தீக்குச் சிகரெட்டின் கங்கும் ஒரு முக்கியக் காரணம். 2013-ல் விதியைத் திருத்திக் கங்குச் சோதனையாக மாற்றினார்கள். பொருத்தமான உறைத்துணியால் அதைத் தாண்டிவிடலாம், நுரைக்குள் ரசாயனம் தேவையில்லை. இதற்கு முன்பே 1977-ல், குழந்தைகளின் இரவு உடைகளில் சேர்த்த டிரிஸ் என்ற புரோமின் சேர்மம் மரபணுக்களில் பிறழ்வு உண்டாக்கக்கூடியது என்று அர்லின் ப்ளமும் புரூஸ் ஏம்ஸும் எச்சரித்தார்கள்; அந்த ஆண்டே அமெரிக்கா அதைத் தடை செய்தது. தீச் சோதனையில் டிரிஸ் தேறியிருந்தது. உடுத்தும் குழந்தைக்கு என்ன ஆகும் என்று அந்தச் சோதனை கேட்டதில்லை.

மேசையில் இன்னொரு கிண்ணம் நீரும் இருக்க வேண்டும். வென்ற துண்டை அதில் அலசி, காயவைத்து, மறுபடி நெருப்பு காட்ட வேண்டும். உப்புகள் எல்லாம் கரைந்து போய்விட்டிருக்கும். துணி பழையபடி எரியும். வெல்டிங் தொழிலாளர்கள் உடுத்தும் உடைகளில் பாஸ்பரஸ் சேர்மத்தை இழைக்குள்ளேயே பலபடியாக இறுக்கிவிடுகிறார்கள், அதனால் பலமுறை துவைத்தாலும் நிற்கிறது. வீட்டு வைத்தியத்துக்கு அந்த ஆயுள் இல்லை.

நம் ஊரில் இது வெறும் கண்காட்சி விஷயமாக இருந்ததில்லை. 1997-ல் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் எரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் திருமணப் பந்தல். மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர். அதே ஆண்டு ஜூலை 16-ல் கும்பகோணத்தில் கீற்றுக்கூரை எரிந்து 94 பள்ளிக் குழந்தைகள். பள்ளிகளில் கீற்றுக்கூரையே கூடாது என்று அதன்பின் அரசு எடுத்த முடிவுதான் சரி. எந்த உப்புக் கரைசலும் அதற்கு ஈடாகாது. ஒரு மழை போதும், கூரையிலிருந்து எல்லாம் வடிந்துவிடும்.

ஆனால் சில நாள் நிற்கும் பந்தலுக்குக் கரைசல் உதவும். தற்காலிகப் பந்தல்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 8758 ஒரு பக்குவம் தருகிறது. எடைப்படி அம்மோனியம் சல்பேட் 4 பங்கு, அம்மோனியம் கார்பனேட் 2, வெங்காரம் 1, போரிக் அமிலம் 1, படிகாரம் 2, நீர் 35. இதுவரை பார்த்தவர்களில் சிலர் இங்கேயும் வந்திருக்கிறார்கள். அம்மோனியம் சல்பேட் சூட்டில் அம்மோனியாவை விட்டு, அமிலமாகி, கரிப் பாதையைத் திறக்கும். வெங்காரம் மூடும். போரிக் அமிலம் வெங்காரத்தின் கங்குக் கோளாறைச் சரிசெய்யும். புதிராக இருப்பது அம்மோனியம் கார்பனேட். காற்றில் வைத்தாலே பறந்துபோகும் உப்பு அது. துணி காய்வதற்குள் காணாமல் போகிறவர் பட்டியலில் எதற்கு? என் ஊகம், அவர் படிகாரத்துக்காக வந்தவர். படிகாரத்தின் அமிலத்தை அது ஆற்றும். அப்போது கரையாத அலுமினியம் ஹைட்ராக்சைடு இழைகளுக்குள்ளேயே படியும், அம்மோனியம் சல்பேட் இன்னும் கொஞ்சம் உண்டாகும். மின்கம்பி உறைகளில் தீத்தடுப்பானாகச் சேர்ப்பது அந்த அலுமினியம் ஹைட்ராக்சைடைத்தான்.

ஊகம் சரியா என்று பார்க்க ஒரு பள்ளி ஆய்வகமே போதும். ஐந்து உப்பும் சேர்ந்த கரைசல் ஒன்று. ஒவ்வொரு முறையும் ஒரு உப்பை மட்டும் விட்டுவிட்டுக் கலக்கிய கரைசல்கள் ஐந்து. வெறும் நீர் ஒன்று. அம்மோனியா நெடி வரும், சன்னல்களைத் திறந்துவைத்துக் கலக்குங்கள். முதலில் போரிக் அமிலம் விடுபட்ட துண்டை எடுங்கள். சுடர் அணைந்த பிறகு கடிகாரத்தை நிறுத்தாதீர்கள்.